பெரட்டுத் தப்பில் தொடங்கும் இசை

பெரட்டுத் தப்பு முழங்கும்போது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. எந்தப் பலகையிலும் அது எழுதி வைக்கப்பட்டதில்லை. எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் அந்த அடி காதில் விழுந்தால், வாயில் வைத்த ரொட்டியோடு எழுந்துவிடுவார்கள். காய்ச்சலில் கிடப்பவர்கள்கூடச் சுவரைப் பிடித்து ஒருமுறை நின்றுவிட்டுத்தான் மறுபடி படுப்பார்கள்.

நோர்வூட்டுக்கு மேலேயிருந்த அத்தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த சீதாலெட்சுமிக்கு இது தெரியாது. அட்டன் கடைவீதிப் புடைவை வியாபாரியின் மகள் அவள், வயலின் படித்தவள். அந்த 1961ஆம் ஆண்டு அவள் மனம் முழுவதையும் ஒரே ஆசை பற்றிக்கொண்டிருந்தது: பள்ளியின் இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒருவர் விடாமல் சேர்ந்து வாசிக்கும் ஒரு வாத்திய இசை. கைக்குக் கிடைத்தவை எல்லாம் தேர்ந்த விரல்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே அவளே எழுதத் துணிந்தாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பதை இசைதான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் கொண்ட நெறி.

ஆண்டியப்பனுக்கு ஆர்மோனியத்தில் ஒரே கட்டைதான் பிடிபட்டது, அதையே சுருதியாக்கினாள். குழல் ஊதிய ஆறு சிறுமிகளுக்கு மூன்று சுரங்கள் வந்தன. அம்மூன்றையே மாற்றி மாற்றி அடுக்கி ஒரு மெட்டுக் கட்டினாள். பிஸ்கட் தகரத்துக்கும் கோயில் சேகண்டிக்கும்கூட இடம் கிடைத்தது.

எஞ்சியவள் வீரம்மா. பெரட்டுத் தப்படிக்கும் மூக்கனின் மகள். எந்தத் தாளத்தைக் கொடுத்தாலும் நழுவவிடுபவள்.

"ஒனக்கு என்னதான்டி அடிக்க வரும்?"

"அப்பா அடிக்கிறது மட்டும் வரும் டீச்சர்."

"எங்க, அடி பாப்போம்."

வீரம்மா மேசையில் அடித்தாள். மூன்று கனத்த அடிகள், பின்னே ஓர் ஓட்டம், பிறகு ஒரு நிறுத்தம். சீதாலெட்சுமி பென்சிலை எடுத்தாள். குழல்கள் நுழைவதற்கென்றே திறந்து வைத்த வாசல்போல இருந்தது அந்த நிறுத்தம்! அதுவரை எழுதியதைக் கிழித்தெறிந்துவிட்டு, அந்த அடியிலிருந்தே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினாள். கொப்பியில் பென்சில் நிற்கவேயில்லை.

பள்ளி விழாவுக்கான முதல் ஒத்திகை ஞாயிறு மாலை. வீரம்மா தன் தகப்பனின் தப்பை எடுத்து முழக்கியதுதான் தாமதம், தொழிலாளர் குடியிருந்த மூன்று லய வரிசைகளும் வெளியே வந்து நின்றன. கூடையோடு பெண்கள், பாதி சவரத்தில், கன்னத்துச் சோப்பு நுரையோடு ஓர் ஆள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியாடி?"

"நமக்குத்தான் ஞாயிறு. தொரைக்கு இல்ல போல."

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ராமநாதன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"வெளையாட்டா டீச்சர் இது? அந்த அடிய எடுத்துருங்க."

"எடுத்தா வீரம்மாவுக்கு எடமில்லாமப் போயிரும் கண்டாக்கையா. வேற அடி அவளுக்கு வராது."

"ஒரு புள்ளதானே!"

"இருபத்திரண்டுல ஒண்ணுங்க."

ராமநாதன் அவளை உற்றுப் பார்த்தார். "விழாவில இப்புடி ஜனம் எழும்பிக் கொழம்புச்சுன்னா, அன்னிக்கோட வாத்தியத்தையெல்லாம் உள்ள வச்சுப் பூட்டிருவேன். தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

விழா நாள் வந்தது. அந்தச் சரிவில் சமதரை என்றிருந்தது பெரட்டுக் களம் மட்டுமே. அங்கேதான் சாக்கு விரித்துச் சனங்கள் அமர்ந்தார்கள். சீதாலெட்சுமி முன்னால் வந்து கைகூப்பினாள்.

"தப்புச் சத்தம் கேட்டா யாரும் எழும்பாதீங்க. உக்காந்தே கேளுங்க."

"எழும்புறதுக்கு எங்களுக்கென்ன பைத்தியமா டீச்சரம்மா?" என்று ஒரு குரல் எழ, களமே சிரித்தது.

வீரம்மா குச்சியை ஓங்கினாள். மூன்று கனத்த அடிகள்.

களம் முழுவதும் எழுந்து நின்றது. எவரும் நினைத்துச் செய்யவில்லை; கால்கள் செய்தன. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறமாக வரிசைகூடச் சேரத் தொடங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற ராமநாதனின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போயிற்று. அதைப் பார்த்த வீரம்மாவின் குச்சி தளர்ந்தது. அவள் நிறுத்தினால் குழல்களுக்கு வாசல் இல்லை, எல்லாமே நின்றுபோகும். சீதாலெட்சுமி, "அடி, அடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அப்போது நடு வரிசையில் ஓர் அசைவு தெரிந்தது. ராக்காயி. வீரம்மாவின் தாய். இருபது வருடமாகக் கணவன் அடித்த அந்த அடிக்கு ஒருநாளும் தவறாமல் நின்றவள். மகளைப் பார்த்தாள், கண்டாக்கைப் பார்த்தாள். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சேலையை ஒதுக்கிக்கொண்டு, களத்தின் நடுவே தொப்பென்று உட்கார்ந்தாள். காலையும் நீட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பேச்சியம்மா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "அடியே, கண்டாக்கு பாக்குறாருடி!"

"பாக்கட்டும்!" என்றாள் ராக்காயி, களம் முழுவதும் கேட்க. "எம்மக அடிக்கிறத நான் உக்காந்துதான் கேப்பேன். முன்னால நிக்கிறவளுகளும் உக்காருங்கடி, புள்ளைய மறைக்குது!"