ஒழுகல் கைலாசம்

குப்புசாமி தறியை விட்டுவிட்டு வண்டி வாங்கினான் என்றதும் தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு அதே வண்டியில்தான் புடவை மூட்டையைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள், அது வேறு விஷயம். மதராஸில் யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பட்டுப் புடவை ஏற்றுகிற வண்டிக்குத் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாவிட்டால் எப்படி? இரும்புக் கம்பியைக் கமானாக வளைத்து, அதன்மேல் கான்வாஸ் டாப்பு போடுவது என்று முடிவாயிற்று.

தைக்கிற வேலை கைலாசத்துக்குப் போயிற்று. பெரிய காஞ்சிபுரத்தில் படுதா, கூடாரம், வண்டி டாப்பு என்று கனத்த துணி எதுவானாலும் அவர்தான். கந்த சஷ்டிக்குத் தெருக்காரர்கள் போடும் பந்தலுக்கு வருஷா வருஷம் மழைப் படுதா தைத்துக் கொடுப்பதும் அவர்தான். ஐப்பசி மழையில் சாமி நனையாமல் காப்பாற்றுகிறவர் என்று, பந்தலில் முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழும். வருஷம் பூராவும் குனிந்தே தைக்கிற மனுஷர், அந்த ஒரு நாள் நிமிர்ந்து நிற்பார். அவர் சம்சாரம் செல்லியம்மாள் அதைப் பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பாள்.

டாப்பைச் சாதாரண நூலில் தைக்கக் கூடாது என்று சொன்னவள் குப்புசாமியின் பெண்டாட்டி கிருஷ்ணம்மாள். நெசவாளி வீட்டில் பிறந்து நெசவாளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பருத்தி நூல் என்றால் அவளுக்கு ஒரு இளக்காரம். தறியில் மிஞ்சிய பட்டு இழைகளைச் சேர்த்து, தொடையில் வைத்து முறுக்கி, உருண்டை உருண்டையாகச் சுற்றிக் கைலாசத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். யானையைக் கட்டினாலும் அறாது என்றாள். கைலாசத்துக்கும் தலைகால் புரியவில்லை. கான்வாஸைப் பட்டு நூலில் தைக்கிற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். குப்புசாமியைக் கேட்கவே வேண்டாம், டீக்கடையில் உட்கார்ந்து, என் வண்டிக்குப் பட்டுச் சட்டை போட்டிருக்குது என்று அளந்தான். காஞ்சிபுரத்தைத் தவிர வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு புத்தி யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆடியில் முதல் மழை அடித்தது. டாப்பு ஒழுகியது.

லேசாக இல்லை. தையல் போன இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கைலாசம் பதறிப் போய் மெழுகு காய்ச்சித் தடவினார். அடுத்த மழையிலும் ஒழுகியது. படிகாரத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காய வைத்தார். அதற்கும் மசியவில்லை. ஆவணியில் ஒரு நாள் பூந்தமல்லி தாண்டி நல்ல மழை. பட்டணத்துக் கடை வாசலில் மூட்டையைப் பிரித்தால் அரக்குக் கரையின் சாயம் இறங்கி மஞ்சள் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கிறது. யாரோ வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கு நெய்த கூறைப்புடவை அது.

குப்புசாமிக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் வந்தால் அதைவிட நீளம். ஊருக்குத் திரும்பினவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே டீக்கடைக்குப் போய், பத்துப் பேர் எதிரில் கைலாசத்தை வாய்க்கு வந்தபடி பேசினான். கண்ணு தெரியாதவனெல்லாம் ஊசி பிடிச்சால் இப்படித்தான் என்றான். இந்தக் கையில் சாமிக்குப் படுதா வேறா என்றான். கைலாசமும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'ஒழுகல் கைலாசம்' ஆகிவிட்டார். பிள்ளைகள் வைத்த பேரைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த ஆவணி முடிவதற்குள் கிருஷ்ணம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திருப்புட்குழியில் ஒரு சீமந்தம். முன்னால் புருஷனோடு ஒரு உறவுக்காரர் ஏறிக்கொள்ள, பிக்கப்பின் பின்னால் அவள் மட்டும் உட்கார்ந்து போனாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் ஒழுக ஒழுக, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு இங்கேயும் அங்கேயுமாக நகர்ந்தாள். கடைசியில் பின்பக்கம் திரை மாதிரி விட்டிருந்த தொங்கல் ஓரமாக ஒண்டினாள். அங்கே ஒரு சொட்டுகூட இல்லை.

அண்ணாந்து பார்த்தாள். அந்த ஓரத்துத் தையல் பட்டு இல்லை. அவள் கொடுத்த நூல் தீர்ந்துபோனதால் கைலாசம் மிச்சத்தைச் சாதாரணப் பருத்தி நூலில் முடித்திருந்தார். விரலை வைத்துத் தடவினாள். பருத்தி நூல் ஈரத்தில் ஊறி, உப்பி, ஊசி போட்ட ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்தது. இந்தப் பக்கம் பட்டு நூல் வழவழவென்று ஒல்லியாக அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஓட்டை திறந்தே கிடந்தது. தண்ணீர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு சொகுசாக உள்ளே இறங்கியது.

பிறந்ததிலிருந்து நூலோடு புழங்குகிறவள். பருத்தி ஊறினால் பருக்கும், பட்டு அப்படிப் பருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. பட்டு ஒரு காரியத்துக்கு ஆகாது என்று நினைக்க அந்தத் தெருவில் யாருக்கும் மனசு பழகியிருக்கவில்லை. கைலாசத்தின் கையில் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் நான் முறுக்கிக் கொடுத்த நூல் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். சீமந்த வீட்டு வாசலில் இறங்கியதும் புருஷனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அப்போதுகூட யாரிடமோ கைலாசத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். இத்தனை பேச்சுப் பேசினவன் போய் அவர் எதிரில் நிற்க வேண்டும். அப்புறம் தெருவில் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கினாள். நாளைக்கு என்பது நாளை மறுநாள் ஆயிற்று. தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது, ஏனென்றால் இப்போது இத்தனை நாள் சொல்லாததற்கும் சேர்த்தல்லவா பதில் சொல்ல வேண்டும்? குப்புசாமி டாப்புக்கு மேலே ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டிக் காரியம் நடந்தது. கைலாசத்தின் காரியம்தான் நடக்கவில்லை.

புரட்டாசியில் சஷ்டிப் பந்தலுக்குத் தெருக் கூட்டம் போட்டார்கள். படுதா யார் தைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கைலாசமே எழுந்தார். வெளியே யாரையாவது பாருங்கப்பா, என் கை போயிடுச்சு, சாமி நனைஞ்சா அந்தப் பாவம் எனக்கு வேணாம் என்றார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மாளுக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவள் மேல் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். ஒரு வாக்கியம், அவ்வளவுதானே!

ஐப்பசியில் சஷ்டி வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் படுதா தைத்தான், அவன் கழுத்தில் முதல் மாலை விழுந்தது. கைலாசம் பந்தலுக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு கடையின் கூரைக்குக் கீழே நின்று, தலையை அண்ணாந்து, அந்தப் படுதாவின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணம்மாள் அவரைப் பார்த்தாள். கையில் இருந்த பிரசாதம் உள்ளே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. சஷ்டி முடிந்த வாரம் ஒரு நாள் காலையில், பருத்தி நூல் கண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கைலாசத்தின் கடைக்குப் போனாள். அவர் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். கான்வாஸ் தைக்கிற கனத்த ஊசி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பை கிய்யி தெக்கணும்னா வேற ஆள் பாரும்மா. இது ஒழுகுற கை" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் நூல் கண்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பட்டு நூல்தான் காரணம் என்றாள். பின்தொங்கல் ஒழுகாததைச் சொன்னாள், பருத்தி ஊறி உப்புவதைச் சொன்னாள். உங்க கையில ஒரு தப்பும் இல்லண்ணா, என் நூல்தான் உங்க பேரைக் கெடுத்துச்சு என்று சொல்லிவிட்டு அழுதாள். கைலாசம் அந்த நூலை எடுத்துத் தண்ணீரில் நனைத்து விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை.

"நேத்து மழையிலதாண்ணா" என்றாள்.

கைலாசம் அதை அப்படியே நம்பினார். நம்பினது மட்டுமா? கடையை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினார். என் கை போகலைப்பா, நூல்தான்பா என்று எல்லாரிடமும் சொன்னார். நேற்றுத் தெரிந்ததை இன்றைக்கே வந்து சொன்ன கிருஷ்ணம்மாவின் மனசு யாருக்கு வரும் என்றும் சொன்னார். குப்புசாமி திட்டினது எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தமாக, அதே இடத்தில், மன்னிச்சுக்கண்ணா என்று கேட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. டாப்பு முழுக்கப் பிரிக்கப்பட்டு, கைலாசம் வாங்கி வந்த புது ஊசியில், பருத்தி நூலில் புதிதாகத் தைக்கப்பட்டது. அடுத்த சஷ்டிக்குப் படுதா கைலாசம்தான் என்று தெருக்காரர்கள் அப்போதே வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்கள். பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கிருஷ்ணம்மாளுக்கு வழி விட்டார்கள். அவள் குடத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

கார்த்திகைச் சோமவாரம் வந்தது. மாகறல் கோயிலுக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று குப்புசாமி கூப்பிட்டான். முன்னால் அவனும் கைலாசமும் உட்கார்ந்தார்கள். பின்னால் தொட்டியில் பாயை விரித்துக் கிருஷ்ணம்மாளும் செல்லியம்மாளும் உட்கார்ந்தார்கள். மாகறலை நெருங்குகையில் மழை கொட்ட ஆரம்பித்தது. டாப்பின் மேல் சோளம் பொரிகிற மாதிரி சத்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

செல்லியம்மாள் அண்ணாந்து தையலைத் தடவிப் பார்த்தாள். முகம் நிறையச் சிரிப்பு. அப்புறம் பேச ஆரம்பித்தாள். அந்த நாளெல்லாம் கைலாசம் எப்படி இருந்தார் என்று சொன்னாள். விளக்கெதிரில் பத்து விரலையும் நீட்டி வைத்துக்கொண்டு, எந்த விரல்டி நடுங்குது, நீ பார்த்துச் சொல்லு என்று கேட்பாராம். ஒரு விரலும் நடுங்கவில்லை என்றால் நம்ப மாட்டாராம். சஷ்டி அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கான்வாஸ் ஊசி அத்தனையையும் பொட்டலம் கட்டி எடுத்துப் போய் வேகவதி ஆற்றில் போட்டுவிட்டு வந்தாராம். அவங்க அப்பா கொடுத்த ஊசிம்மா அது என்றாள். திரும்பி வரும்போது வெறும் ஆளாத்தான் வந்தாரு என்றாள்.

பிறகு கிருஷ்ணம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் நேத்து தெரிஞ்சத இன்னிக்கு வந்து சொல்லலன்னா, எனக்கு அந்த மனுஷன் இல்லம்மா" என்றாள்.

கிருஷ்ணம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், செல்லியம்மாள் விடவில்லை.

"நேத்து இல்லண்ணி" என்றாள் கிருஷ்ணம்மாள். "ஆவணியிலயே தெரியும். திருப்புட்குழி போனப்பவே தெரியும். கூட்டத்துல அண்ணன் எழுந்து சொன்னப்பவும் நான் தெரிஞ்சிக்கினுதான் குந்திக்கினு இருந்தேன்."

செல்லியம்மாள் பிடித்திருந்த கையை எடுத்துப் பாயின் மேல் வைத்தாள், ஏதோ இரவல் வாங்கின சாமானைத் திருப்பி வைக்கிற மாதிரி. முன்பக்கத் தகரத்தைத் தட்டினாள். வண்டி நின்றது. புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துப் போட்டுக்கொண்டு பின்தொங்கலைத் தூக்கி மழையில் இறங்கினாள். கிருஷ்ணம்மாளும் பதறி எழுந்தாள்.

"நீ உள்ளயே குந்து" என்றாள் செல்லியம்மாள்.

முன்னாலிருந்து கைலாசம் தலையை வெளியே நீட்டினார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"இன்னாடி, ஒழுகுதா?"

செல்லியம்மாள் கிருஷ்ணம்மாளை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒழுகல. உன் தையல் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் உள்ள மூச்சு முட்டுது. நீ போ, நான் நடந்து வரேன்."

கைலாசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தையல் நன்றாக இருக்கிறது என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. குப்புசாமி அவள் பக்கத்திலேயே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். ஏறும்மா, ஏறும்மா என்று அவன் வழி பூராவும் கெஞ்சினான், அவள் ஏறவில்லை. மாகறல் கோபுரம் தெரிகிற வரைக்கும் செல்லியம்மாள் தெப்பமாக நனைந்தபடி ரோட்டோரமாகவே நடந்தாள். டாப்புக்கு உள்ளே கிருஷ்ணம்மாள் ஒரு சொட்டு நனையாமல் உட்கார்ந்திருந்தாள்.