கழுகு போட்ட மனு

கட்டுமான இடத்தில் அவனுக்குக் கழுகு என்று பெயர். முப்பது மாடி உயரத்தில், கிரேன் கேபினில் உட்கார்ந்தபடியே கீழே மேஸ்திரி ஒளிந்து நின்று சிகரெட் பற்றவைப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன். பெயர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. பெயர் அப்படியே இருக்கிறது, கண்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கண் நரம்பு பழுதாகிவருகிறது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாதாம். இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாமாம். பொழுது சாய்ந்தால் கீழே எல்லாம் கலங்கிப்போகிறது என்பதால் மாலை ஓவர்டைமை விட்டுவிட்டான். "கழுகுக்கு உடம்பு வணங்கல" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசினார்கள். உண்மையைச் சொல்வதைவிடச் சோம்பேறிப் பட்டம் எவ்வளவோ மேல் என்று வாயை மூடிக்கொண்டான். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிரிந்துபோன மனைவிக்கு மாதாமாதம் கட்டவேண்டிய ஜீவனாம்சம் குறையவில்லை.

வக்கீலைப் போய்ப் பார்த்தான்.

"குறைக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா காரணம் வேணும். வேணும்னே வேலையைக் குறைச்சுக்கிட்டீங்கன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க" என்றார் வக்கீல்.

"கண் டாக்டர் குடுத்த ரிப்போர்ட் இருக்கு."

"அப்புறம் என்ன, அதையே வைங்க. ஒரு காப்பி உங்க மனைவிக்கும் போகும்."

அந்தக் காப்பிதான் அவனைப் பயமுறுத்தியது. அவள் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும், மறுநாளே கேபின் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். மனு போடாவிட்டாலோ, பாக்கி ஏறி, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி கோர்ட்டே கம்பெனிக்கு எழுதும். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ரிப்போர்ட்டால் வேலை போகும் என்று பயந்தானே தவிர, அந்தக் கண்ணை நம்பிக் கீழே ஒருவன் நிற்பது அவன் நினைவில் ஏறவில்லை. நின்றது வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. அவன்தான் சிக்னல்காரன். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து. கம்பெனி இருவருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்துத்தான் இருந்தது. ஆனால் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து மச்சான் இவனோடு பேசுவதில்லை. இரண்டு வருடமாக அந்தக் கருவியில் ஒரு வார்த்தை வந்ததில்லை. அத்தனையும் கையால்தான். 'வாயைத் திறந்து சொல்லேன்' என்று கேட்டால் கை தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் கை எனக்கு மனப்பாடம் என்று கழுகு தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஓட்டிவந்தான்.

மனு போட்ட மறுவாரம் கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். கீழே மச்சானின் கை ஒரு மங்கல் புள்ளியாகத் தெரிந்தது. விரல் சுழல்கிறதா, முஷ்டி மடங்கியிருக்கிறதா? சுழல்கிறது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு இறக்கினான். புள்ளி சட்டென்று பக்கவாட்டில் பாய்ந்தது. கைப்பிடியை இழுத்து நிறுத்தினான். கம்பிக்கட்டு தரைக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது. வாக்கி-டாக்கியில் திட்டு வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சற்றுப் பொறுத்து புள்ளி இன்னும் தள்ளிப் போய் நின்று மறுபடி கையைத் தூக்கியது.

அன்றிலிருந்து ஏணிப்படி ஏறும்போதே கழுகைப் பயம் பிடித்துக்கொண்டது. போன் அடித்தால் கம்பெனியோ என்று நடுங்கினான், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று நடுங்கினான்.

விசாரணை நாளில் மனைவி தனியாக வந்திருந்தாள். சலவைக் கடையில் அரைநாள் வேலை பார்க்கிறவள், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. சண்டை போடுவாள் என்று வக்கீல் கட்டுக் காகிதத்தோடு தயாராக இருந்தார். நீதிபதி கேட்டதும் அவள், "குறைச்சுக்கட்டுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றாள்.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். கழுகுக்குத்தான் சந்தேகம் தட்டியது. இத்தனை சுலபமாக விட்டுக்கொடுப்பவள் வேறு எதையோ கையில் வைத்திருக்கிறாள்.

வராந்தாவில் அவள் அவனை நிறுத்தினாள்.

"ரிப்போர்ட்டைப் படிச்சேன். கீழ நிக்கிறவன் உங்களுக்குத் தெரியுறானா?"

"தெரியுறான்."

"கண்ணுக்குத் தெரியுறானான்னு கேக்குறேன்."

அவன் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"கம்பெனிக்குப் போன் போட நம்பர் வரைக்கும் எடுத்துட்டேன். என் வாயால சொன்னா பழிவாங்குனேன்னு ஆயிடும். நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. சொல்லலைன்னா நான் அங்க வந்து நிப்பேன்."

மறுநாள் காலை மச்சான் ஏணி அடியில் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். கழுகு பக்கத்தில் போய் நின்றான்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. உன் கை சரியாத் தெரியல."

மச்சான் வாரை மாட்டி முடித்தான். பிறகு இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"தெரியும் மாமா. அஞ்சு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா கீழ நின்ன?"

"வெளிய சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. அக்காவுக்கு மாசம் வர்றது நின்னுடும். திடீர்னு வாக்கி-டாக்கியில பேச ஆரம்பிச்சா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. வேற ஆளை நிறுத்தலாம்னா, நீங்க தப்பா இறக்குவீங்கன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஓடிடலாம்."

"பயமா இல்லையா உனக்கு?"

மச்சான் மேலே கேபினை அண்ணாந்து பார்த்தான்.

"காலையில கிளம்பும்போது தூங்குற புள்ளைங்களை எழுப்பி, அப்பா போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். எதுக்கு தினமும் எழுப்புறீங்கன்னு வீட்டுல திட்டுவா."

கழுகு அங்கேயே ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் தான் ஒருவன்தான் பயந்து சாகிறோம் என்று நினைத்திருந்தது வெட்கமாக இருந்தது. பிறகு எழுந்து, பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்ஜினியர் அறைப் பக்கம் நடந்தான். மச்சானும் கூடவே வந்தான்.