வுட்கேயின் சூரியகாந்தி

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எங்கள் தோட்டச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வருடாவருடம் காலண்டர் போடுவதும் என் தலையில்தான். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்காமல் ஒருவர் முகத்தை அச்சடித்தால் சட்டம் சும்மா விடாது. பதினேழாம் எண் தோட்டத்துக்காரர் வுட்கே மட்டும் ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் படம் எடுக்கும்போது சரியாக நடுவில் வந்து நிற்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தின்மேல் ஒரு சூரியகாந்திப் படத்தை ஒட்டிவிடுவேன்.

இந்த வருடம் அலுத்துப்போய் டேலியாப் பூவை ஒட்டினேன். காலண்டர் கைக்குப் போன அன்றே வேலியோரம் வந்துவிட்டார்.

“செயலாளரம்மா, இது யாரு?”

“நீங்கதான்.”

“நான் இல்ல. என் மூஞ்சிய மாத்த உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?”

“அப்ப நிஜ மூஞ்சியையே போட்டுடறேன். கையெழுத்துப் போடுங்க.”

“அது எனக்கு மட்டும். சூரியகாந்திதான் ஊருக்கு. பேக்கரில கூட என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க.”

எனக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. படிவத்தை எடுத்து, ‘முகம்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘சூரியகாந்தி’ என்று எழுதி நீட்டினேன். வுட்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

“கொஞ்சம் பெருசா ஒட்டுங்க,” என்றார். “போன வருஷம் ஒரு காது தெரிஞ்சுது.”