யார் கேட்டாலும் பதில் சொல்லும் சாவி

லெஸ்டர் டோம்ப்கா இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் மதித்தார். அது லெஸ்டர் டோம்ப்கா. டெட்ராய்ட்டுக்கு வடக்கே வாரன் ஊரில், கார்களுக்குச் சாவி செய்துதரும் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை; பாக்கெட்டில் இருந்தபடியே காரோடு பேசுகிற சாவி. இரும்புச் சாவி வைத்திருப்பவர்கள் அவருக்குக் கற்காலத்து ஆட்கள். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்கிறவர்களையும் அவர் மதித்ததில்லை. அவர்களுக்கு அமுக்கத் தெரியுமே தவிர, உள்ளே நடக்கிறது என்ன தெரியும்?

அதனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண விருந்தோ, சாவு வீட்டுச் சாப்பாடோ, எங்கே நாலு பேர் தட்டோடு நின்றாலும் ஆரம்பித்துவிடுவார்.

"நீ பட்டனை அமுக்கினதும் கார் கூப்பிடும், 'சாவி, இருக்கியா?'ன்னு. அந்தக் குரல் ரெண்டு எட்டுக்கு மேல போகாது. தூங்கிட்டிருக்கற சாவி முழிச்சுக்கும். உடனே கார் ஒரு நம்பரைச் சொல்லும், ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர். ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியக் கணக்கு ஒண்ணு இருக்கு. சாவி அந்தக் கணக்கைப் போட்டு விடையை அனுப்பும். காரும் தனியாப் போட்டுப் பாக்கும். ரெண்டும் ஒத்துப்போனா இஞ்சின் ஓடும். இல்லேன்னா நீ குட்டிக்கரணம் போட்டாலும் ஓடாது."

கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு சிரிப்புச் சிரிப்பார். "ஆனா சாவி ஒரு அசடு. யார் கேட்டாலும் பதில் சொல்லிடும். கேக்கறது யாரு, எதுக்குக் கேக்கறாங்கன்னு யோசிக்கவே தெரியாது. திருடனுக்கு அதான் வசதி."

அதற்குள் கேட்க வந்தவர்கள் உருளைக்கிழங்கு சாலட் பக்கம் நழுவியிருப்பார்கள். அவர் மனைவி அடீல் மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். பெண்டாட்டி வேறு எங்கே போவாள்? அவள் கேட்கிறாள் என்று அவர் நினைத்ததே கிடையாது. மைக்ரோவேவில் மணியைத் திருத்தத் தெரியாதவள் என்பது அவளைப்பற்றி அவர் வைத்திருந்த மொத்த அபிப்பிராயம்.

நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது அடீல் சொன்னாள். "வடக்கே செயின்ட் இக்னஸ் ஊர்ல ஒரு கிளினிக்ல வேலை கிடைச்சிருக்கு. முன்னால உக்காந்து ஃபோன் எடுக்கற வேலை. திங்கக்கிழமை சேரணும். காலைல கிளம்பறேன், லெஸ்டர். திரும்பி வர்றதா இல்ல."

லெஸ்டர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"நீயா? ஃபோன் எடுக்கவா? அதுக்கு ரெண்டு ஆள் போட்டிருப்பாங்க. ஒருத்தி எடுக்க, இன்னொருத்தி எப்படி எடுக்கறதுன்னு உனக்குச் சொல்லிக் குடுக்க."

"கார் என் பேர்ல இருக்கு. எங்கப்பா படகுக் கொட்டகைய வித்த பணம் அது."

"இருக்கட்டுமே. கார் காகிதத்துல ஓடாது."

எழுந்துபோய், திருடனுக்குப் பயந்து, சாவியின் பதில் வெளியே போகாதபடி சாவிகளைப் போட்டுவைக்கும் காபி டின்னைத் திறந்தார். இரண்டு சாவியையும் எடுத்துத் தன் வேட்டைக் கோட்டின் மார்புப் பாக்கெட்டில் போட்டு, அதைத் தட்டிக்காட்டினார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

காலையில் அடீல் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தபோது அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் காபியோடு வாசல் படியில் நின்றிருந்தார். பெரிய மனது பண்ணி, சாவியை அமுக்கிக் காரைத் திறந்தும் விட்டார்.

"ஏத்து, ஏத்து. அப்புறம் நீயேதான் இறக்கணும்."

அவள் பெட்டிகளை வைத்தாள். கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டினாள். பிறகு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"லெஸ்டர், ஒரு சந்தேகம். கார் ஓட ஆரம்பிச்சப்புறமும் சாவியைக் கேட்டுக்கிட்டே இருக்குமா? இல்ல, ஒரு தடவை கேட்டா போதுமா?"

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. படியை விட்டு இறங்கி வந்தார். ஒரு கையைக் கார்க் கூரையில் ஊன்றி, தலையை உள்ளே நீட்டினார்.

"ஒரு தடவைதான், மக்கு. யோசிச்சுப் பாரு. நெடுஞ்சாலையில போறப்ப சாவியோட பேட்டரி செத்துப்போச்சுன்னு வை. இஞ்சினை நிறுத்தினா என்ன ஆகும்? பின்னால வர்ற லாரி உன்னைச் சட்னி ஆக்கிடும். அதனால 'சாவியைக் காணோம், சாவியைக் காணோம்'னு கத்தும். கத்திக்கிட்டே ஓடும். நீயா நிறுத்தற வரைக்கும்..."

அடீல் பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினாள். கார் கேட்டது. அவர் மார்பில் இருந்த சாவி பதில் சொன்னது. இஞ்சின் ஓடியது.

லெஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் கூரையில் தலை இடித்தது. காபி கோட்டில் கொட்டியது. அவர் ஒரு எட்டு பின்வாங்கினார். அடீல் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகப் பின்னால் எடுத்துத் தெருவில் இறங்கினாள். கார் பீப் பீப் என்று கத்தியது அவருக்கே கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எதிர்வீட்டு ஆர்வில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு குப்பைத் தொட்டியருகே நின்றிருந்தான். "எங்க போறாங்க உன் வீட்டம்மா?"

"எங்கயும் போகலை," என்றார் லெஸ்டர், கோட்டைத் துடைத்துக்கொண்டே. "சாவி இல்லாம போறா. எங்க நிறுத்தறாளோ அங்க அது வெறும் தகரப் பெட்டி. அப்புறம் என்கிட்டதான் வரணும்."

"வேற சாவி செஞ்சுக்கமாட்டாங்களா?"

லெஸ்டருக்கு அவன்மேல் பரிதாபமே வந்துவிட்டது. "செய்யட்டுமே. பூட்டுக்காரன் டேஷ்போர்டுக்குக் கீழ மெஷினைச் செருகி, புதுசா ஒண்ணைச் சேத்துக் குடுப்பான். என்னோடதும் வேலை செய்யும். காரோட ஞாபகத்துலேர்ந்து பழசையெல்லாம் அழிச்சிடுன்னு வாயைத் திறந்து கேட்டாத்தான் அழிப்பான். அது இவளுக்குத் தோணவா போகுது? மைக்ரோவேவ்ல மணி வைக்கத் தெரியாதுய்யா அவளுக்கு!"

மத்தியானம் அவளே ஃபோன் செய்தாள். "வந்து சேந்துட்டேன். நீ ஒண்ணும் வெசனப்படாதே."

"இஞ்சினை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"முடிஞ்சுது. ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்வில்லின் பழைய பிக்கப் லாரியில் கிளம்பினார்கள். அன்று கால்பந்து ஆட்டம். ஆர்வில் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். பெட்ரோலும் சாப்பாடும் தன் செலவு என்று லெஸ்டர் சொன்னபிறகு முனகிக்கொண்டே இரும்புச் சாவியைத் திருகினான். வழியெல்லாம் லெஸ்டர் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் கண்ணெதிரிலேயே காரில் ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்குவார். கார் ஓடும். அவள் வேண்டுமானால் பக்கத்தில் ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அங்கேயே நின்று ஃபோன் எடுக்கலாம். ஏறிக்கொள்வாள். சாவி இருக்கிற இடத்துக்குத்தானே அவள் வந்தாக வேண்டும்?

பெரிய பாலத்தைத் தாண்டி, செயின்ட் இக்னஸில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஏரியைப் பார்த்த ஒரு சின்ன விடுதியின் முன்னால் அடீலின் கார் நின்றிருந்தது. லெஸ்டர் இறங்கி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொட்டார். வழக்கமாகத் தொட்டதும் திறக்கும். திறக்கவில்லை.

"குளிர்ல பேட்டரி சோர்ந்திருக்கும்," என்று ஆர்வில்லைப் பார்த்துச் சொன்னார்.

சாவிக்குள் அவசரத்துக்கென்று மறைத்துவைத்திருக்கும் சின்ன இரும்புத் தகட்டை உருவி, கற்காலத்து ஆள் மாதிரி துவாரத்தில் செருகித் திருகினார். கதவு திறந்தது. திறந்த கையோடு ஹாரன் அலற ஆரம்பித்தது. விளக்குகள் பளிச்சிட்டன. விடுதியின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு கிழவர் கையில் கறி அடைத்த பாஸ்டி ரொட்டியோடு வெளியே வந்து, தின்றபடியே வேடிக்கை பார்த்தார்.

லெஸ்டர் உள்ளே பாய்ந்து பட்டனை அமுக்கினார். 'சாவி காணப்படவில்லை' என்றது திரை. சாவியைப் பட்டன்மேலேயே வைத்து அழுத்தினார்; பேட்டரி செத்திருந்தாலும் அப்படி வைத்தால் கார் கண்டுபிடித்துவிடும், அந்த வழியை வடிவமைத்த குழுவில் அவரும் இருந்தார். 'சாவி காணப்படவில்லை.' இரண்டாவது சாவியை வைத்தார். அதற்கும் அதே பதில்.

அலறல் சட்டென்று நின்றது. விடுதி வராந்தாவில் அடீல் நின்றிருந்தாள். கையில் ஒரு புதுச் சாவி.

"கார் கேள்வி கேக்குது, லெஸ்டர். உன் சாவிக்குப் பதில் தெரியலை."

"பழசை அழிச்சுட்டானா? அந்தப் பூட்டுக்காரன் பயலுக்கு யாரு சொன்னா?"

"நான்தான். அவனுக்குத் தோணவே இல்ல. கார் காகிதத்தையும் லைசென்ஸையும் காட்டி, பழசு ரெண்டையும் அழிச்சிடுன்னு சொன்னேன். 'இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?'னு ஆச்சரியப்பட்டான்."

"எப்படித் தெரியும்?" லெஸ்டரும் அதையேதான் கேட்டார்.

"நீதான் சொன்னே. உங்கக்கா பொண்ணு கல்யாணத்துல. எல்லாரும் சாலட் எடுக்கப் போயிட்டாங்க. நான்தான் நின்னு கேட்டேன்."

"நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

"வேற யாரு கேட்டா?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. கோபமாவது இருந்தால் மக்கு, மண்டு என்று ஏதாவது சொல்லித் தாக்குப்பிடித்திருப்பார்.

"நேத்து கார்ல உக்காந்து கேட்டியே ஒரு சந்தேகம்..."

"சந்தேகமே இல்ல. சாவி பக்கத்துல வரணும்னு கேட்டேன். கேட்டா நீ வருவேன்னு தெரியும்." அவள் இறங்கி வந்து, அவர் எழுந்துகொள்வதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எறங்கு, லெஸ்டர். இருட்டறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடுங்க. காத்து ஜாஸ்தி."

லெஸ்டர் இறங்கினார். ஆர்வில் இரும்புச் சாவியைத் திருகினான். ஒரே திருகலில் லாரி கிளம்பியது.

பாலத்தின் நடுவில் காற்று லாரியை அசைத்தது. லெஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாரு, பட்டனை அமுக்கினதும் கார் என்ன பண்ணும்னா..."

ஆர்வில் ரேடியோவில் ஆட்டத்தின் சத்தத்தைக் கூட்டினான்.

லாரி குலுங்கும்போதெல்லாம் லெஸ்டரின் மார்புப் பாக்கெட்டில் இரண்டு சாவியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வீட்டுக்கு இன்னும் இருநூற்றுத் தொண்ணூறு மைல் இருந்தது.