இரண்டாவது கோடு

சினை மாடுகளின் கருவைக் கலைத்துவிடும் கன்று வீச்சு நோயைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டை ஒன்றை உருவாக்க அவளுக்கு ஐந்து வருடம் ஆயிற்று. கால்நடை ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்க வராத அறையில், குளிர்பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டே கழிந்த ஐந்து வருடம். பழைய முறையில் முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும். அதற்குள் நோய் அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். காய்ச்சாத பால் வழியாக மனிதர்களையும் பிடித்துக்கொள்ளும். அவளுடைய பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும். ஒரு கோடு தெரிந்தால் மாடு சுத்தம். இரண்டு கோடு தெரிந்தால் நோய்.

சோதித்துப் பார்க்கப் பண்ணைகள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. "நோய்னு வந்துட்டா மாட்டைக் கொன்னுடுவீங்களே" என்று பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். அலைந்து திரிந்து பத்துப் பண்ணை சேர்த்தாள். பதினொன்றாவதாகத் தன் அக்காவிடம் போய் நின்றாள்.

அக்கா பன்னிரண்டு மாடு வைத்திருந்தாள். அவள் தினமும் தேய்த்துக் கழுவுகிற சிமெண்டுத் தரையில் முகம் பார்க்கலாம். மாடுகளின் காதில் எண் வில்லை தொங்கினாலும் அவள் எண் சொல்லி ஒன்றைக்கூடக் கூப்பிட்டதில்லை. கோணக்கொம்பு, சோம்பேறி, மாமியார். மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு எப்போதும் தானே முதலில் தீவனத்தில் வாய் வைப்பதால் அதற்கு மாமியார் என்று பேர்.

"நீ கேட்டு நான் எதுக்குடி இல்லேன்னு சொல்லியிருக்கேன்? ரத்தம்தானே, எடுத்துக்கோ. மாமியாரை மட்டும் நான் பிடிச்சுக்கறேன். உன் படிப்பெல்லாம் அவளுக்குத் தெரியாது, உதைச்சுடுவா."

வாலடியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, பன்னிரண்டு பட்டைகளையும் தலைகீழாகக் கவிழ்த்த பால் கேன்களின் மேல் வரிசையாக வைத்தாள். ஏழு பட்டைகளில் இரண்டாவது கோடு எழுந்தது. அந்த ஏழில் ஒன்று போன மாதம் ஆறு மாதச் சினையில் கன்றை வீசியிருந்தது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததால்தான் என்று அக்கா அப்போது சொல்லியிருந்தாள். இப்போது அக்காவே அதை நம்பவில்லை.

தங்கை ஆய்வுக்கூடத் தலைவருக்குப் போன் செய்தாள். "பழைய முறையிலயும் ஒரு தடவை பார்த்துடலாமா சார்?"

"பழைய முறை தேவையில்லைன்னு சொல்றதுதானே நம்ம ஆராய்ச்சி? நம்ம பட்டையை நாமளே நம்பலைன்னா வேற யார் நம்புவாங்க? அறிக்கையில கையெழுத்துப் போட்டு அனுப்பும்மா."

போட்டாள். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. அந்தக் கோட்டை அவளும் நம்பினாள்.

இரண்டு நாள் கழித்து அரசாங்க ஆட்கள் ஊசி மருந்தோடு வந்தார்கள். அக்காவை உள்ளே போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. "தெரியாத கை பட்டா மிரளும்" என்று சொல்லி, ஏழு மாடுகளையும் ஒவ்வொன்றாகக் கயிற்றைப் பிடித்து அவளே நடத்தி வந்தாள். கால் மடங்கி விழும்வரை தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவள் கணவர் வீட்டுக்குப் பின்னால் போய், தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் நின்றார்.

அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "என் தங்கச்சி கண்டுபிடிக்கலைன்னா இந்நேரம் என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்திருப்பா. கறந்த சூடு ஆறாம குடிக்கிறவ அவ" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மீதி ஐந்து மாடுகளின் பாலைத் தெருவில் யாரும் தொடவில்லை. சாக்கடையில் ஊற்றி ஊற்றி அலுத்து, அவற்றையும் விற்று அனுப்பிவிட்டு, பால் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் வேலைக்குப் போனாள்.

செத்த மாடுகளின் மண்ணீரல் துண்டுகளைத் தங்கை ஆய்வுக்கூடத் தட்டுகளில் கிருமி வளர்க்க எடுத்து வைத்திருந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அப்படி ஒரு கணக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துத் தட்டுகளை வெளியே எடுத்தாள். ஏழிலும் ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் வெறும் தட்டு. பிறகு அன்றே எடுத்து வைத்திருந்த சாணத்தைச் சோதித்தாள். அதில் வேறொரு கிருமி இருந்தது. இரண்டு நாள் கழிசலைக் கொடுத்துவிட்டுத் தானாகப் போய்விடும் சாதாரணக் கிருமி. மேல்தோல் மட்டும் அந்தப் பெரிய நோய்க் கிருமியின் ஜாடை. பட்டை ஆள் மாறாட்டத்தில் ஏமாந்துவிட்டது. இந்த ஜாடையைப் பற்றி முதல் வருடமே குறிப்பேட்டில் எழுதி, பிறகு பார்க்கலாம் என்று விட்டவளும் அவள்தான்.

தலைவர் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். "மாதிரி வழியிலேயே கெட்டுப்போச்சுன்னு எழுதிடு. பத்துப் பண்ணை போதும்."

"நோயே இல்லாத ஏழு மாடு செத்திருக்கு சார்."

"உன் அக்கா மாடு. அதனாலதான் உனக்கு இது இவ்வளவு பெரிசாத் தெரியுது."

அவள் எழுதவில்லை. அவரே எழுதினார். கட்டுரை பத்துப் பண்ணைகளோடு வெளிவந்தது. அதில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வேலை உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தங்கை எதையும் மறைக்காமல் சொன்னாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏழுமா?"

"ஏழும்தான்க்கா. ஒண்ணுக்கும் இல்ல."

"அந்தக் கன்னு?"

"நீ சொன்ன மாதிரி, விழுந்ததுலதான் இருக்கும்."

"உன் மாமாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் அக்கா.

"நீ புகார் கொடுத்துடுக்கா. நான் வந்து சாட்சி சொல்றேன்."

"சாட்சி சொன்னா எழுந்து வருமா?" குரல் உயரவே இல்லை. "நோய்னு நினைச்சுத்தான்டி தலையைப் பிடிச்சேன். மாமியார் கடைசி வரைக்கும் என் கையை நக்கிட்டே இருந்தா. என் பொண்ணுக்காகன்னு மனசைக் கல்லாக்கிட்டுப் பிடிச்சேன். தினம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கறேன். இப்போ நான் எதைச் சொல்லித் தூங்க?"

"உன்கிட்ட மறைக்க முடியலைக்கா."

"தெரியுது. சொல்லிட்டே, உனக்கு பாரம் இறங்கிடுச்சு. எனக்கு?"

கிளம்பும்போது வாசல் வரை வந்து, "இதை இத்தோட விட்டுடு. ஊரெல்லாம் என்னைப் பார்த்துப் பாவப்பட வேண்டாம்" என்றாள். தங்கை தலையாட்டினாள்.

ஆனால் அடுத்த வாரம் நாற்பது பண்ணைகளுக்குப் பட்டைப் பெட்டிகள் அனுப்பத் தயாராகின. மாடிப்படியில் அவை அடுக்கியிருந்ததைப் பார்த்தபடி இரண்டு நாள் ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள், கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் அரசாங்கத்துக்கும் கடிதம் எழுதினாள். பதினொன்றாவது பண்ணை, ஏழு மாடு, வெறும் தட்டுகளின் படங்கள், தான் கையெழுத்துப் போட்ட அறிக்கை, தன் குறிப்பேட்டின் பழைய பக்கம் எல்லாவற்றையும் இணைத்தாள்.

விசாரணை வந்தது. பெட்டிகளைத் திரும்பப் பெறவில்லை. 'பழைய முறையிலும் உறுதி செய்துகொள்ளவும்' என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். தலைவர் தலைவராகவே இருந்தார். அவளைத் தரைத்தளத்தில் தடுப்பூசிக் கிடங்குக்கு மாற்றினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அக்காவின் காலிக் கொட்டகையைப் படம் பிடித்துப் போட்டது. மாமா அதைத் தேநீர்க் கடையில் பார்த்தாராம்.

அவள் பல தடவை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. ஒரு மாலை அக்கா மகள் எடுத்தாள்.

"சித்தி, நீங்க இனிமே வீட்டுக்கு வர வேண்டாமாம்."

"யார் சொன்னா கண்ணு? அப்பாவா?"

"அம்மா. இங்கதான் நிக்கறாங்க." குழந்தை போனை யாரிடமோ நீட்டியது போல ஒரு சத்தம். பிறகு அவளே மறுபடி பேசினாள். "வாங்க மாட்டேங்கறாங்க சித்தி. வெச்சுடவா?"

"வெச்சுடும்மா" என்றாள்.