ஆரோக்கியமான நான்காம் குழாய்

நரம்பு சிதையும்போது அதன் நார்த்துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அவற்றை அளக்கும் மெஷின் எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும் என்றார் தலைமை டாக்டர். வெளியில் ஆள் தேடுவானேன், ஊழியர்கள் ஐந்து பேரும் கையை நீட்டுங்கள் என்று காரியத்தை முடித்துவிட்டார்.

நானும் நீட்டினேன். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்து இரண்டு வருடமாகிறது என்று சொல்லியிருந்தால், மறுநாளே ரொம்பப் பரிவோடு வரவேற்பறை வேலைக்குத் துரத்தியிருப்பார்கள். இந்த வேலை என் உயிர். வாயை மூடிக்கொண்டேன். மருந்துதான் எடுக்கிறேனே, அளவு அடங்கித்தான் இருக்கும் என்ற அசட்டு நம்பிக்கை வேறு.

நான்காம் குழாய், அதாவது நான், மற்றவர்களைவிட ஐந்து மடங்கு காட்டியது.

"மெஷின் கோளாறு," என்றார் டாக்டர், துளியும் யோசிக்காமல். "இந்தப் பொண்ணு மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறுறவ. இவளுக்கே இவ்வளவு காட்டுதுன்னா நோயாளிங்க ரிசல்ட்டை எப்படி நம்புறது? ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகக்கூடாது."

நான் தாவி ஏறியது போன வருடம். இப்போது லிஃப்ட். மனிதர் எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார் பாருங்கள்!

மெஷினைக் கழுவினார்கள், திட்டினார்கள், மூன்று முறை ஓட்டினார்கள். நான்காம் குழாய் இறங்கி வருவதாயில்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்து தரையில் மல்லாந்து படுத்து அதன் வயிற்றைக் குடைந்தார். "வந்த அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான்," என்று நானும் என் பங்குக்குக் கூசாமல் பழி போட்டேன்.

மூன்றாம் நாள் எம்.எஸ். நோயாளி ஒருவரின் அக்கா போன் செய்தார்.

"தம்பிக்கு மறுபடியும் ஒரு கண்ணு மங்குதுங்க. மருந்தை மாத்தலாமான்னு முடிவு பண்ண, உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் அவனைப் பாக்கிற டாக்டர் காத்திருக்காரு. எப்பங்க வரும்?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நேராகத் தலைமை டாக்டரிடம் போனேன்.

"சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எம்.எஸ். ரெண்டு வருஷமா."

தரையிலிருந்து எழுந்த இன்ஜினியர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. டாக்டர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"மருந்து எடுக்கிறியாம்மா?"

"ஒரு வேளைகூட விட்டதில்ல சார்."

"அப்ப நோய் மருந்துக்குக் கேக்கலையேம்மா," என்றார் மெதுவாக.

மூன்று நாளாக அந்த எண்ணை ஏசிக்கொண்டிருந்தேனே தவிர, அது எனக்கு வந்த ரிப்போர்ட் என்று ஒருமுறைகூடப் படிக்கவில்லை. இப்போதுதான் படித்தேன்.

"ஆமா சார்," என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் மருந்தை மாத்தணும் போல. முதல்ல கண்ணு மங்குதுன்னு போன் வந்த அந்தத் தம்பியோட ரிப்போர்ட்டை அனுப்பிடலாம்."