தைத்து வைத்த தேசங்கள்

கிருபாநிதி சார் கடல் தாண்டியது ஒரே ஒரு தடவைதான். கொழும்புக் கப்பலில் ஏறி, வழி முழுவதும் வாந்தி எடுத்து, கொழும்புத் துறைமுகத்தைப் படுத்தபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே கப்பலில் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டார். அந்த அனுபவத்தை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் பர்மா, சயாம், மலாயா, ஜாவா என்று கிழக்கே உள்ள தேசங்களைப் பற்றி ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார்.

‘கீழ்த்திசை நாடுகளின் ஜனத்தொகை, நிலவளம், செல்வவளம்’ என்பது அதன் பெயர். நூற்று இருபத்தெட்டுப் பக்கம். அதில் முதல் பதினாறு பக்கம் முன்னுரை. ஆசிரியர் எவ்வளவு அடக்கமானவர் என்பதை விளக்க அவ்வளவு இடம் தேவைப்பட்டது. பதினேழாம் பக்கம் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டு வரை தேசங்கள். கடைசியில் இலங்கை. அவர் நேரில் பார்த்த ஒரே நாடு என்பதால் அதைச் சுருக்கமாக முடித்திருந்தார்.

அட்டையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் காலியாக விட்டு அச்சடிக்கச் சொல்லியிருந்தார். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற முத்திரை விழ வேண்டிய இடம் அது. பாடநூல் கமிட்டி அதைக் குத்தினால், ஜில்லாவில் உள்ள மிஷன் பள்ளிகளில் எல்லாம் அவர் புத்தகம்தான் பாடம். குத்தாவிட்டால், பள்ளிக்கூட ஏட்டில் அவர் வெறும் பூகோள வாத்தியார். அந்த வயதில் அவர் வாழ்க்கையில் காலியாக இருந்தது அந்த ஒரு விரற்கடை இடம்தான்.

ஐந்நூறு பிரதிகள் வீட்டில் வந்து இறங்கியது 1941 டிசம்பர் முதல் வாரம். இரண்டாவது வாரம் ஜப்பான்காரன் புறப்பட்டுவிட்டான்.

புத்தகத்தில் ஒவ்வொரு தேசத்தின் தலைமாட்டிலும் ‘ஆள்வோர்’ என்று ஒரு வரி இருந்தது. ஹாங்காங்: பிரிட்டிஷார். மலாயா: பிரிட்டிஷார். ஜாவா: டச்சுக்காரர். பிலிப்பைன்: அமெரிக்கர். தபாலில் பேப்பர் வரவர இந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பொய்யாகிக்கொண்டு வந்தன. ‘ஜப்பானியர்’ என்று திருத்தினால் போலீஸ் வரும். ‘பிரிட்டிஷார்’ என்றே விட்டால் பிள்ளைகள் சிரிக்கும். இரண்டு நாள் யோசித்து ஒரு வாசகம் கண்டுபிடித்தார்: ‘ஆள்வோர்: பின்னர் அறிவிக்கப்படும்.’ இதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஐந்நூறு பிரதியிலும் ஒட்ட ஆரம்பித்தார்.

அவர் மனைவி அற்புதமணி நாசரேத்துக்காரி. அடுப்பங்கரையில் கஞ்சிப் பசை கிண்டிக்கொண்டே தினமும் விசாரிப்பாள்.

“என்னங்க, இன்னைக்கு எந்த ஊரு போச்சு?”

“சிங்கப்பூர்.”

“அதை யாராலயும் தொட முடியாதுன்னு எழுதியிருந்தீங்களே.”

“தொட முடியாதுன்னுதான் எழுதினேன். பிடிக்க முடியாதுன்னு எழுதலை.”

“சயாம்? அது சுதந்திர நாடு, ஒட்டவே வேண்டாம்னு சொன்னீங்க?”

“அது சுதந்திரமா அந்தப் பக்கம் போயிருச்சு” என்றார் அவர், கத்தரிக்கோலை எடுத்தபடி.

மார்ச் மாதம் ரங்கூன் விழுந்தது. அன்றைக்கு அற்புதமணி பசை கிண்ட மறுத்துவிட்டாள்.

“பர்மா அரிசி வந்தாத்தானே கஞ்சி? உலையில போடவே அரிசியைக் காணும். உங்க சீட்டுக்கு வேற புளியங்கொட்டைதான் அரைக்கணும். ‘பர்மாவிலிருந்து அரிசி குறைவில்லாது வந்து சேரும்’னு எழுதி வச்சிருக்கீங்களே, அந்த வரியிலயும் ஒண்ணு ஒட்டுங்க.”

மனைவியிடம் தோற்பவர் வழக்கமாக வெளியாளிடம் ஜெயிக்கப் பார்ப்பார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஜாருக்குப் போனார். அங்கே ஒரு கருப்பட்டிக் கடையில் செந்தூர்பாண்டி உட்கார்ந்திருந்தார். பதினாலு வருஷம் ரங்கூனில் கடை வைத்திருந்து, ஒரு வாரத்துக்கு முன்னால்தான் மலையும் காடும் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். இப்போது தம்பி கடையில் சும்மா இருக்கிறார். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

“அண்ணாச்சி, ரங்கூன் ஜனத்தொகை ஐந்து லட்சம். சரிதானே?” என்று புத்தகத்தைப் பிரித்தார் கிருபாநிதி.

“எப்பம் சார்வாள்?”

“எப்பம்னா... பொதுவா.”

“பொதுவால்லாம் ஊருல ஆளு இருக்க மாட்டான். குண்டு விழுந்த பெறவு நான் கடையைப் பூட்டிட்டுக் கெளம்புதேன், பாதி ஊரு எனக்கு முன்னால நடக்கு. மீதி பின்னால வருது.”

“அப்போ ஊருக்குள்ள எவ்வளவு பேரு?”

“நாய்வ கெடந்துச்சு. எண்ணலை.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். செந்தூர்பாண்டி சிரிக்கவில்லை.

“ஒரு சந்தேகம் சார்வாள். ரங்கூனையும் விட்டாச்சு, நம்ம ஊரும் வந்து சேரலை. அரக்கான் மலையில ஒருத்தன் மாசக்கணக்கா நடந்துக்கிட்டே இருக்கான். அவனை உங்க புஸ்தகத்துல எந்தத் தேசத்துல எழுதுவீங்க?”

கிருபாநிதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “நடக்கிறவங்களை ஜனத்தொகையில சேர்க்கிற வழக்கம் இல்லை.”

“அதான் வழியில ஒரு பய தண்ணி தரலையாக்கும்” என்றார் செந்தூர்பாண்டி.

ஏப்ரலில் கொழும்பிலேயே குண்டு விழுந்தது. அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊரில் பாதி மூட்டை முடிச்சோடு சாத்தான்குளம், பாளையங்கோட்டை என்று ஓடியது. அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையில் வந்து இறங்கினார் பாடநூல் கமிட்டியில் இருந்த டிப்டி இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள். சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பிடி போட்ட குடை. எதைச் சொன்னாலும் ‘யுத்த நிலவரத்தை முன்னிட்டு’ என்று தொடங்குவார். யுத்த நிலவரத்தை முன்னிட்டு அவருக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தார்கள்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ‘பின்னர் அறிவிக்கப்படும்.’

“யாரு அறிவிப்பாங்க, மிஸ்டர் கிருபாநிதி?”

“சர்க்கார்தான் சார்.”

“எந்த சர்க்கார்னு ஒருத்தன் கேட்டா?” டிப்டிக்கே வேர்த்துவிட்டது. “ஆபத்தான புஸ்தகம்யா இது.”

“அந்தப் பக்கங்களைக் கிழிச்சிரட்டுமா சார்?” ஒன்பது வருஷ உழைப்பை ஒரு நொடியில் கிழிக்கத் தயாரானார் ஆசிரியர். அட்டை கிழியாமல் இருந்தால் போதும்.

“கிழிக்கவா? கிழிச்சா அந்த நாடுகளை நாம கைவிட்டுட்டோம்னு அர்த்தம் ஆகாது? மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது?” டிப்டி குடைப்பிடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “தைச்சிருங்க. பதினேழு முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை சேர்த்துத் தையல் போட்டிருங்க. தைச்சா, பத்திரமா வச்சிருக்கோம்னு அர்த்தம். ஜெயிச்ச பிறகு பிரிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னால தையல் பிரிஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சா அங்கீகாரம் ரத்து.”

முத்திரை விழுந்தது. கிருபாநிதி அன்று முழுவதும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்நூறு புத்தகம் தைக்க உப்பு மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும்தான் சரிப்படும். செந்தூர்பாண்டியே வேலைக்கு வந்தார். ரங்கூனில் அரிசி மூட்டை தைத்துப் பழகிய கை.

“பர்மாவை முன்பக்கம் ஜப்பான்காரன் அடைச்சான், பின்பக்கம் நான் அடைக்கேன்” என்று சொல்லி ஊசியை இழுத்தார். “ஜாவாவுக்கு ரெண்டு முடிச்சு போடட்டுமா சார்வாள்? அங்கன எனக்கு யாரையும் தெரியாது.”

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கிருபாநிதி பாடம் நடத்தினார். நடத்துவதற்கு முன்னுரையும் இலங்கையும் மிச்சம் இருந்தன. இலங்கை பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு டிசம்பர் வரை முன்னுரை. ஆசிரியரின் அடக்கம், ஆசிரியரின் அரும்பாடு, ஆசிரியரின் தாயார் பிள்ளைப்பேற்றின்போது கண்ட கனவு எல்லாவற்றையும் வகுப்பு முழுக்க மனப்பாடம் செய்தது. அந்த வருஷம் அவருக்குப் போனதே தெரியவில்லை.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. எல்லா மிஷன் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள், டிப்டியின் ஆபீஸிலிருந்து வரும். யுத்த நிலவரத்தை முன்னிட்டுக் காகிதம் இல்லை. ஆகவே போன வருஷம் மிஞ்சிக் கிடந்த கேள்வித்தாளையே அனுப்பிவிட்டார்கள். முதல் கேள்வி, இருபது மார்க்கு: ‘மலாயா நாட்டின் செல்வவளத்தை விவரி.’

கிருபாநிதி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்த்தார். நாற்பத்தோரு பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. அதில் ஒருத்தனாவது விழிக்க வேண்டுமே! எல்லாரும் விறுவிறு என்று எழுதினார்கள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் விடைத்தாள்களைப் பிரித்தார். முதல் தாளில் இப்படி இருந்தது: ‘வெள்ளீயத்தை மடியில் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தின் கண்ணீரை உலகத்து வண்டிச் சக்கரங்களுக்கெல்லாம் தானம் செய்யும் தயாபரியே மலாயா.’

அது நாற்பத்து மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. அவர் எழுதிய வாக்கியம். இரண்டாவது தாளிலும் தயாபரி. மூன்றாவதிலும் தயாபரி. தையலுக்கு உள்ளே இருந்த மலாயா வகுப்பு முழுவதற்கும் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

அற்புதமணி அரிவாள்மணையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “எல்லாப் பயலும் பிரிச்சிருக்கான்! இந்தத் தாளெல்லாம் டிப்டிக்குப் போகணும்லா? பாத்தா முத்திரையைப் புடுங்கிருவாரே.”

“பிடுங்கிருவார்.”

“அப்பம் நான் சொல்லுததைக் கேளுங்க. எல்லாத்துக்கும் சைபரைப் போட்டு, காப்பியடிச்சானுவன்னு எழுதி தாளை அடுப்புல போட்டிருவோம். முத்திரை தப்பிச்சிரும்.”

கிருபாநிதி ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார். “ஒன்பது வருஷமா எழுதினேன், அற்புதம். நீகூட நாற்பத்து மூன்றாம் பக்கம் வரைக்கும் வரலை.”

“எனக்கு வேலை இருந்துச்சு.”

“நடத்தாத பாடத்தை, பிரிக்கக் கூடாதுன்னு சொன்ன பக்கத்தை, ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கானுவ.” சிவப்பு மைக்கூட்டைத் திறந்தார். “தயாபரிக்கு எப்படி சைபர் போடுறது?”

போட்டார், இருபதுக்கு இருபது. ஒவ்வொரு தாளிலும் தம்முடைய வாக்கியத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து, தலையாட்டி, அழகாகச் சுழித்து இருபது. அங்கீகாரம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு தேஜஸை அற்புதமணி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

நாற்பது தாள் திருத்தி முடித்து நாற்பத்தோராவது தாளை எடுத்தார். அதில் ஒரே வரி: ‘மலாயாவில் வெள்ளீயமும் ரப்பரும் கிடைக்கின்றன, இப்போது இரண்டும் ஜப்பானுக்குப் போகின்றன.’

கிருபாநிதி முகத்தைச் சுளித்தார்.

“என்னங்க, தப்பா?”

“விஷயம் சரிதான்” என்றபடி அவர் எட்டு மார்க்கு போட்டார். “நடை போதாது.”